கியர் இல்லாத சைக்கிளில் 250 வாட் ஹப் மோட்டார்: எந்த வண்டி, முன் சக்கரமா பின் சக்கரமா, பேட்டரி எவ்வளவு?

குடமுருட்டி:

கும்பகோணம் பக்கம். தினமும் போக வர 24 கி.மீ. சமதரைதான், நடுவில் ஒரே ஒரு ரயில்வே மேம்பாலம். ஓட்டுபவர் 70 கிலோ, கேரியரில் 20 கிலோ வரை சரக்கு இருக்கும்.

இரண்டு சைக்கிள் இருக்கின்றன. ஒன்று 28 அங்குலக் கறுப்பு வண்டி, கம்பி பிரேக், முழு செயின் கவர். இன்னொன்று கியர் இல்லாத 26 அங்குல எம்டிபி. இரும்பு ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க், வி-பிரேக், ரிம்மில் 36 ஓட்டை. இரண்டிலும் பெடல் தண்டான கிராங்க் காட்டர் பின் (ஆப்பு போன்ற ஆணி) போட்டு இறுக்கியதுதான்.

36 வோல்ட் 250 வாட் கிட் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார், அதை இயக்கும் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தது) வாங்குவதாக உத்தேசம். தெரிய வேண்டியவை: எந்த வண்டிக்குப் போடலாம்? முன் சக்கரத்திலா பின் சக்கரத்திலா? பேட்டரி எத்தனை ஆம்பியர்-அவர் வேண்டும், யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் பேட்டரி மூன்றை வரிசையாகக் கோத்தால் போதுமா? கிட்டோடு வராமல் தனியாக வாங்க வேண்டியது என்னென்ன? லைசென்ஸ், பதிவு விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

கோட்டம்:

26 வண்டிக்கே போடுங்கள். 28 வண்டி உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஹப் மோட்டாருக்கு அது ஒத்துவராததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் ரிம். கம்பி பிரேக் வண்டிகளில் முன் ரிம்முக்கு 32 ஓட்டை, பின் ரிம்முக்கு 40 ஓட்டை. ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 36 ஓட்டையில் வருகின்றன. இரண்டும் சேராது. சரி, 36 ஓட்டை உள்ள வேறு ரிம்மைப் போடலாமே என்றால் பிரேக் போய்விடும். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, உட்புறமாக மேல்நோக்கி இழுத்து அழுத்துகிறது. அதற்கென்றே வளைத்த ரிம் அது. மோட்டார் ஏற்றிய வண்டியில் முன் பிரேக் இல்லாமல் ஓட்டக்கூடாது.

இரண்டாவது, பின்னால் இடம் போதாது. பின் ஹப் மோட்டாருக்கு ஃப்ரேமின் இரண்டு காதுகளுக்கும் (அச்சு உட்காரும் பிளவுகள்) நடுவே உள்ளளவு 135 மி.மீ. வேண்டும். உங்கள் 28 போன்ற பழைய ரோட்ஸ்டரில் அது அதைவிட நன்றாகவே குறுகல். இரும்புதான், விரிக்கலாம். ஆனால் விரித்தபின் செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா, காதுகள் இணையாக நிற்கின்றனவா என்று பார்த்து நிமிர்த்த வேண்டும். செயின் கவரையும் கழற்ற வேண்டிவரும். மூன்றாவது, பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் கிட்டோடு வரும் கேபிள் பிரேக் லீவருக்குள் இருக்கிறது. கம்பி பிரேக்குக்கு அந்த லீவர் பொருந்தாது.

26 வண்டியில் ரிம் தொல்லையும் பிரேக் லீவர் தொல்லையும் இல்லை, பின் இடத்தை மட்டும் அளந்து பார்க்க வேண்டும். ரிம் கோத்தே வரும் கிட்டை வாங்கினால் உங்கள் டயரையும் ட்யூபையும் மாற்றிப் போட்டால் போதும். வெறும் மோட்டார் மட்டும் வாங்கினால் உங்கள் ரிம்மின் நீளமான ஸ்போக்ஸ் உதவாது. மோட்டாரின் விட்டம் பெரியது, ஸ்போக்ஸ் நீளம் பாதிக்கு இறங்கிவிடும். மோட்டார் ஓட்டை வட்டத்தை அளந்து 13 நம்பர் கம்பியில் வெட்டி மரை போட்டுத் தரச் சொல்லுங்கள், ஒரு குறுக்கு போதும், அதாவது ஒவ்வொரு கம்பியும் இன்னொரு கம்பியை ஒருமுறை கடந்தால் போதும். 12 நம்பர் தடிமன் கம்பி கூடுதல் பலம் என்று சிலர் போடுவார்கள். தடித்த குட்டைக் கம்பிக்கு நெகிழ்வே இருக்காது. மேடுபள்ளத்தில் நிப்பிள் தளரும், இல்லையென்றால் ரிம் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும். எந்தக் கம்பியானாலும் முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை கோட்டம் எடுத்தே ஆக வேண்டும்.

முன்னா பின்னா? உங்கள் ஃபோர்க் சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு, அதனால் முன்னால் போடலாம். முன் உள்ளளவு 100 மி.மீ., அநேகமாக அப்படியே உட்காரும். பின்னால் ஏற்கெனவே சரக்கு எடை, ஓட்டுபவர் எடை எல்லாம் இருக்கிறது. முன்னால் மோட்டார் போனால் பாரம் பிரியும், பின் சக்கரச் செயினைத் தொடவே வேண்டாம், பின் பஞ்சரும் வழக்கம்போல் ஒட்டலாம். சஸ்பென்ஷன் ஃபோர்க், அலுமினியக் கால் உள்ள ஃபோர்க் என்றால் முன்னால் கூடவே கூடாது. வார்ப்பு அலுமினியம் வளையாது, ஒரே அடியாக உடையும். ஓடும்போது முன் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் சோம்பல்படும் இடம் டார்க் ஆர்ம், அதாவது அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் தகடு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் அச்சு 12 மி.மீ. தடிமன், இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்குச் சீவியிருக்கும். அப்படிச் சீவிய தட்டைப் பரப்பின் அகலம் 6.6 மி.மீ. மட்டுமே. மோட்டார் 30 நியூட்டன்-மீட்டர் முறுக்கு தரும்போது அந்த 6.6 மி.மீ. முனைகளில் விழும் விசை சுமார் 4,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 450 கிலோ எடை. இரண்டு காதுகள் பங்கிட்டாலும் ஒன்றுக்கு 200 கிலோவுக்கு மேல். தகடு வளைத்துச் செய்த காது நாளடைவில் விரிந்து கொடுக்கும். ஒருநாள் அச்சு சுழன்று, அச்சுக்குள் ஓடும் வயரை முறுக்கி அறுத்துவிடும், அதே நொடியில் கன்ட்ரோலரும் போகும். கிட்டில் வரும் கொக்கி வாஷரோடு நிற்காமல், 5 மி.மீ. இரும்புத் தகட்டில் 10 மி.மீ. வாய் வெட்டி, ஃபோர்க் காலோடு இறுக்கிக் கட்டும் ஒரு டார்க் ஆர்மாவது போடுங்கள். லேத் பட்டறையில் செய்து தருவார்கள். வாயில் ஆட்டம் இருந்தால் அது இருந்தும் பயனில்லை, தட்டித்தான் ஏற வேண்டும்.

முன் காதின் வாய் சாதாரண அச்சுக்கு ஏற்றபடி குறுகலாக இருக்கும், 10 மி.மீ. அச்சு இறங்காது. அரத்தால் ராவும்போது பக்கங்களை மட்டும் ராவுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு போகாவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும். நட்டை 35 முதல் 40 நியூட்டன்-மீட்டர் வரை முறுக்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

நாற்பத்திரண்டு வோல்ட்:

பேட்டரிக் கணக்கு. வண்டி, மோட்டார், பேட்டரி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து 115 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 25 கி.மீ. ஓட சக்கரத்தில் 200 வாட் அளவுக்கு வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோலரும் தின்பதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 255 வாட். கி.மீ.க்கு 10 வாட்-அவர் சொச்சம். நின்று கிளம்புவது, மேம்பாலம், காற்று எல்லாம் சேர்த்து 12 அல்லது 13 என்று பிடித்தால் 24 கி.மீ.க்கு 300 வாட்-அவர். பெடலே மிதிக்காமல் ஓட்டினால் இந்தக் கணக்கு. கொஞ்சம் மிதித்தால் 8க்கு இறங்கும்.

ஆகவே 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் லித்தியம் போதும். 2.6 ஆம்பியர்-அவர் கொண்ட 18650 செல் 40, பத்து வரிசை நான்கு இணை, மொத்தம் 10.4 ஆம்பியர்-அவர், சுமார் 374 வாட்-அவர். செல்களின் எடை மட்டும் 2 கிலோவுக்குள். முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும், 30 அல்லது 31 வோல்ட்டில் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். தினமும் 80 சதவீதம் செலவழிப்பதோடு நிறுத்திக்கொண்டால் செல் நெடுநாள் உழைக்கும். நாளாக நாளாகக் கொள்ளளவு குறையும் என்பதால் காசு இடம் கொடுத்தால் 13 ஆம்பியர்-அவர், ஐந்து இணை, வாங்குங்கள்.

மேம்பாலம்: 30க்கு 1 சரிவு என்றால் இந்த எடையோடு 15 கி.மீ. வேகத்தில் ஏற சக்கரத்தில் 225 வாட் வேண்டும். 250 வாட் மோட்டார் ஏறிவிடும். உங்களுக்கு உண்மையான சோதனை ஆடிக் காற்றுதான். 15 கி.மீ. எதிர்காற்றில் 25 கி.மீ. வேகத்தைப் பிடிக்க 385 வாட் கேட்கும், அது இந்த மோட்டாரின் வேலையல்ல. வேகம் தானாக 18, 20க்கு இறங்கும், அதற்குள் ஓட்டுங்கள். அந்த மாதம் பேட்டரியும் சீக்கிரம் தீரும், மிதித்துக் கொடுங்கள்.

யுபிஎஸ் பேட்டரி யோசனையை விட்டுவிடுங்கள். 7 ஆம்பியர்-அவர் என்று அதில் எழுதியிருப்பது 20 மணிநேரத்தில் மெதுவாக இறக்கும் கணக்கு. நீங்கள் 7 ஆம்பியர் இழுத்தால் அதில் 60 சதவீதம் போல்தான் கிடைக்கும். மூன்று பேட்டரி சேர்ந்து 7 கிலோ எடை, 150 வாட்-அவர், 12 கி.மீ.யில் முடிந்துவிடும். தினமும் ஒட்டக் குடித்தால் இரண்டு முந்நூறு தடவைக்குள் படுத்துவிடும்.

பழைய லெட்-ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டுவது பெரிய ஆபத்து. 36 வோல்ட் லெட்-ஆசிட் சார்ஜர் 44 வோல்ட் வரை போகும். உங்கள் பேட்டரிக்கு 42.0 வோல்ட்டுக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். அது கடைசிக் காவல் மட்டுமே, தினசரிக் காவல் சார்ஜர்தான். 42 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் வாங்குங்கள், 5 முதல் 6 மணி நேரத்தில் ஏறும். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு செருகாமல் அரைமணி ஆறவிடுங்கள், தூங்கும் அறையில் வைத்து ஏற்றாதீர்கள்.

பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 250 வாட் கன்ட்ரோலர் என்றாலும் உச்சத்தில் 14, 15 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள மலிவு பேட்டரி சமதரையில் ஓடிவிட்டு மேம்பாலத்தின் பாதியில் சட்டென்று அணைந்துவிடும். தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ் வேண்டும்.

சட்டம்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2இன் யு பிரிவுப்படி 30 நிமிட சக்தி 0.25 கிலோவாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் இவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வீட்டில் கோத்த வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். 350 வாட் கிட்டை வாங்கினால் எந்த வகையிலும் விலக்கு கிடையாது.

வேகத்தை மோட்டாரின் சுற்று எண்ணிக்கையிலேயே அடக்கலாம். 26 அங்குலச் சக்கரம் 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. சுமையில்லாமல் 240, 250 சுற்றும் மோட்டார் சரியாக இருக்கும். 300க்கு மேல் சுற்றுவதை வாங்கினால் வேகம் வரும், ஏற்றத்தில் இழுவை குறையும், சூடேறும்.

சாலிடர்:

மோட்டார் வகையை யாரும் சொல்லவில்லை. உள்ளே பல்சக்கரம் உள்ள கியர் ஹப் வாங்குங்கள். இரண்டரை கிலோ, நின்ற இடத்திலிருந்து இழுவை நன்றாக இருக்கும், பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண சைக்கிள் போல மிதிக்கலாம். கியர் இல்லாத நேரடி மோட்டார் அதைப்போல் இரண்டு மடங்கு எடை. மிதித்தால் காந்தம் பிடித்து இழுக்கும்.

வயரிங். எதைச் செருகுவதற்கு முன்னாலும் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாசிட்டிவ் எது என்று பாருங்கள், வயர் நிறத்தை நம்ப வேண்டாம். தலைகீழாக ஒரு கணம் தொட்டாலே கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம்) போய்விடும். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலர் வரை 2.5 ஸ்கொயர் செம்பு வயர், நடுவில், பேட்டரிக்கு மிக அருகில், 20 ஆம்பியர் ஃபியூஸ். காரில் போடும் பிளேடு ஃபியூஸில் 32 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அது இங்கே பயன்படாது. 42 வோல்ட்டில் உருகினாலும் உள்ளே தீப்பொறி அறுபடாமல் தொடரலாம். 58 வோல்ட் பிளேடு ஃபியூஸ் கிடைக்கும், இல்லாவிட்டால் டிசி என்று குறிப்பிட்ட எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள். வீட்டு ஏசி எம்சிபியும் ஆகாது. இணைக்கும்போது டப்பென்று பொறி வருவது கன்ட்ரோலர் கெப்பாசிட்டர் நிரம்புவதால்; பழுதில்லை, ஆனால் கனெக்டர் முனை கரியும். பொறி தடுக்கும் எக்ஸ்டி90-எஸ் கனெக்டர் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

மோட்டாரிலிருந்து எட்டு வயர் வரும். தடித்த மூன்று, மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் பேஸ்: மஞ்சள், பச்சை, நீலம். மெல்லிய ஐந்து, மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று உணரும் ஹால் சென்சார்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, மீதி மூன்று சிக்னல். முதலில் நிறத்துக்கு நிறம் சேருங்கள், சக்கரத்தைத் தூக்கிவைத்து, வேகத்தைக் கூட்டும் கைத்திருகான த்ராட்டிலை மெல்லத் திருகுங்கள். நடுங்கினாலோ உறுமினாலோ உடனே நிறுத்துங்கள். ஹால் வயரைத் தொடாமல் பேஸ் மூன்றையும் ஆறு விதமாக மாற்றலாம், அதில் ஒன்றில்தான் சத்தமில்லாமல் ஓடும். சரியான இணைப்பில் சுமையில்லாமல் 1 ஆம்பியர் அளவே இழுக்கும். மூன்று நான்கு ஆம்பியர் காட்டினால் ஓடினாலும் அது தவறான இணைப்பு, சூடேறிப் போய்விடும். கன்ட்ரோலரில் தானாகக் கற்கும் வயர் ஜோடி இருந்தால் இந்த வேலை மிச்சம்: ஜோடியைச் சேர்த்தால் மோட்டாரைத் தானே சுற்றிப் பார்த்துக்கொள்ளும், முடிந்ததும் மறக்காமல் பிரித்துவிடுங்கள்.

த்ராட்டில் மூன்று வயர். கைவிட்டால் சிக்னலில் 0.8 வோல்ட், முழுதாகத் திருகினால் 4 வோல்ட் பக்கம். அதன் தரை வயர் அறுந்தால் சிக்னல் மேலே எகிறி வண்டி தானே முழு வேகத்தில் பாயலாம். நல்ல கன்ட்ரோலர் அதைக் கண்டு நிறுத்தும், எல்லாம் நிறுத்தாது. அதனால்தான் பிரேக் லீவர் சுவிட்ச் கட்டாயம், இரண்டு கைக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரை இழுத்துக் கட்டாதீர்கள், தளர்வாக விடுங்கள்.

மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை இயக்கும் பெடல் சென்சாருக்குத் தனியாக வாங்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு பாதியாகப் பிரியும் காந்தத் தட்டு. கிட்டில் வரும் முழுத் தட்டு சதுர முனை பாட்டம் ஆக்ஸிலுக்கானது, காட்டர் பின் ஆக்ஸிலில் உட்காராது. சென்சாருக்கும் தட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். தட்டைத் திருப்பி மாட்டினால் முன்னால் மிதிக்கும்போது மோட்டார் தூங்கும், பின்னால் சுற்றினால் எழும்.

பேட்டரியைக் கேரியரில் வைக்காதீர்கள், அங்கே சரக்கு இருக்கிறது. ஃப்ரேமின் சாய்வுக் குழாய் நல்ல இடம். குழாயில் ஓட்டை போட வேண்டாம், பலம் போகும், துருவும் ஏறும். ரப்பர் வைத்து ஸ்டீல் கிளாம்ப் நான்கு போதும்.

கடைசியாகத் தண்ணீர். அச்சிலிருந்து வெளிவரும் வயர் உடனே கீழ்நோக்கி வளைந்து, பிறகு மேலே ஏறட்டும். நேரே மேலே ஏற்றினால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் இறங்கும், ஹால் சென்சார் போகும். ஐப்பசி அடைமழையில் வரும் ‘விட்டு விட்டு இழுக்கிறது’ புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

செயின்லைன்:

கோட்டம் சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. மேம்பாலத்தில் ஏறும்போது எடை பின்னால் சாயும், கேரியரில் 20 கிலோவும் சேர்ந்தால் முன் சக்கரம் இலேசாகும். ஈரத்தில், மணல் படிந்த ஓரத்தில் முன் சக்கரம் வெறுமனே சுற்றும். முன்னால் சறுக்கினால் சமாளிப்பது கடினம். உங்கள் வண்டியின் பின் உள்ளளவை அளந்து பாருங்கள், 135 அல்லது 130 இருந்தால் பின் மோட்டாரே என் தேர்வு. ஃப்ரீவீல் மரையேற்றும் வகை வாங்கி, உங்கள் பழைய ஃப்ரீவீலையே ஏற்றலாம். அதைவிடக் குறைவு என்றால் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பும்போது மட்டும் த்ராட்டிலை மெல்லத் திருகுங்கள்.

குடமுருட்டி:

பின் உள்ளளவு 118 மி.மீ.தான், அதனால் முன் சக்கரத்தில் கியர் ஹப், 13 ஆம்பியர்-அவர் பேட்டரி, பட்டறையில் செய்த டார்க் ஆர்ம். எல்லாம் நிறத்துக்கு நிறம் இணைத்தாயிற்று. இப்போது த்ராட்டில் திருகினால் மோட்டாருக்குள் சீராக ஓடும் சத்தம் கேட்கிறது, நடுக்கம் இல்லை, 1 ஆம்பியருக்குள்தான் இழுக்கிறது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை. கடைக்காரர் கியர் பல் தேய்ந்துவிட்டது என்கிறார். புது மோட்டாரில் அப்படி ஆகுமா?

சாலிடர்:

பல் போயிருக்காது, மோட்டாரைத் திறக்க விடாதீர்கள். உள்ளே மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறது. கியர் ஹப்பில் ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. முன்னோக்கி ஓடினால்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும், பின்னோக்கி ஓடினால் மோட்டார் சும்மா சுற்றும்.

முதலில் மோட்டார் கூட்டில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். சக்கரத்தை இடவலம் மாற்றி மாட்டியிருந்தால் இதே அறிகுறிதான் வரும், திருப்பி மாட்டினால் தீர்ந்தது. அம்புக்குறி இல்லையென்றால் கையால் சுற்றுங்கள். முன்னோக்கி இலகுவாகவும் பின்னோக்கிக் கனமாகவும் சுற்றினால் மாட்டிய பக்கம் சரி.

பக்கம் சரியாக இருந்தால் குறை வயரில். கற்கும் ஜோடி இருந்தால் சேருங்கள். சத்தம் மட்டும் வந்து சக்கரம் அசையாவிட்டால் பிரித்து மறுபடி சேருங்கள், திசை மாறும். ஜோடி இல்லையென்றால் ஹால் வயரில் மஞ்சளையும் பச்சையையும் இடம் மாற்றி, பேஸ் ஆறு விதங்களையும் மறுபடி சோதித்து, சக்கரம் முன்னோக்கிச் சத்தமில்லாமல் சுற்றும் ஒன்றைப் பிடியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பேட்டரியைப் பிரித்துவிட்டு, கெப்பாசிட்டர் இறங்க ஒரு நிமிடம் விடுங்கள்.

இன்னொன்று, ஹாலைச் சோதிக்க நேர்ந்தால் நினைவில் வையுங்கள். சிக்னல் வயரில் மீட்டர் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் 0க்கும் 5க்கும் மாறி மாறி வர வேண்டும். உங்கள் கியர் ஹப்பில் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால்தான் உள் மோட்டார் கூடவே சுழலும். முன்னோக்கிச் சுற்றிவிட்டு மீட்டர் அசையவில்லை, மூன்று சென்சாரும் செத்துவிட்டன என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.